கீமோ நாளும் கொத்தனார் நாளும்: வீட்டு வேலையை நிறுத்தாமல் நடத்தச் சில குறிப்புகள்

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்றே பல வீடுகளில் கட்டட வேலை நின்றுவிடுகிறது. கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரத்தில் லிண்டல் மட்டத்தோடு நிற்கும் சுவரைக் காட்டி விசாரித்தால், "வீட்டுல சீக்கு கெடக்கு, இப்ப வேலை என்ன வேலை?" என்பார்கள். அந்த மனசு புரிகிறது. ஆனால் இந்தச் சிகிச்சை ஒரு வாரத்தில் முடிவதில்லை. அறுவை, கீமோ, கரண்ட் எனப்படும் கதிர்வீச்சு என்று ஆறு மாதமும் ஆகும், வருடமும் ஆகும். அத்தனை நாளும் ஒழுகும் கூரையின் கீழும் வழுக்கும் குளியலறையிலும் நோயாளி கிடக்க வேண்டும் என்பது சரியில்லை.

வேலையை நிறுத்த வேண்டாம் என்பதே என் கட்சி. ஆனால் எந்த வேலை, எந்த நாளில், யார் வீட்டில் இருக்கும்போது என்பதை ஆஸ்பத்திரிச் சீட்டுதான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் அம்மாவின் சிகிச்சைக் காலத்தில் நாங்கள் கடைப்பிடித்ததும், மற்ற குடும்பங்களைப் பார்த்துக் கற்றதும் இங்கே இருக்கின்றன. மருந்துக்கு மருந்து, ஆளுக்கு ஆள் விஷயம் மாறும். அதனால் உடம்பு சம்பந்தப்பட்ட எதையும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே செய்யுங்கள்.

1. தினசரி காலண்டர் போதாது, மாதக் காலண்டர் ஒன்று வாங்கி அடுக்களைச் சுவரில் மாட்டுங்கள். கீமோ நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் வரும் நாட்கள் நீல மையில் இருக்கட்டும். பல மருந்துகள் 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றப்படுகின்றன. ஏற்றிய முதல் நான்கைந்து நாள் குமட்டலும் அசதியும் இருக்கும். 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளையணுக்கள் குறைந்து, தொற்றை எதிர்க்கும் சக்தி அடிமட்டத்தில் இருக்கும். 15-ஆம் நாளுக்கு மேல் உடம்பு கொஞ்சம் தேறி, வாய்க்கு ருசி திரும்பும். சத்தமான வேலை, ஆட்கள் அதிகம் வரும் வேலை எல்லாம் அந்தக் கடைசி வாரத்துக்குத்தான். வாராவாரம் மருந்து ஏற்றுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள், "எந்த நாட்களில் ரத்த அணு குறையும்?" என்று டாக்டரிடம் கேட்டு, தேதியாகவே எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

2. உடைக்கிற வேலைக்கு மிக நல்ல காலம் கரண்ட் வைக்கும் வாரங்கள். கதிர்வீச்சு சிகிச்சை வழக்கமாக வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் நடக்கும். நம் பக்கத்து ஆட்கள் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ போகிறார்கள். செங்கோட்டை, புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறவர்களும் உண்டு. தினமும் போய்வர முடியாது என்பதால் ஆஸ்பத்திரி அருகிலேயே அறை எடுத்துத் தங்கிவிடுகிறார்கள். நோயாளி வீட்டில் இல்லாத அந்த வாரங்களில் சுவர் இடிப்பு, டைல்ஸ் வெட்டு, எனாமல் பெயிண்ட் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். அவர் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பே வேலையை நிறுத்தி, வீட்டை ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து, ஜன்னல்களைத் திறந்து காற்றாட விடுங்கள்.

இன்னொன்று. வெளியிலிருந்து கரண்ட் வைத்துக்கொண்டு வருபவரின் உடம்பில் கதிர் தங்கியிருக்காது. பேரப்பிள்ளைகள் தாராளமாக அவர் மடியில் உட்காரலாம். இதைச் சொல்லாமல் விட்டுப் பல வீடுகளில் பாட்டியைத் தனித்தட்டில் சாப்பிட வைத்திருக்கிறார்கள். அந்த வேதனை தேவையே இல்லாதது.

3. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு வேலைதான் முடியும் என்றால் அது குளியலறையும் கழிவறையுமாக இருக்கட்டும். ஹால் டைல்ஸும் வாசல் கேட்டும் அப்புறம் வரட்டும். கீமோவில் சில மருந்துகள் உள்ளங்காலை மரத்துப்போக வைக்கும். தரை ஈரமா, காய்ந்திருக்கிறதா என்றே பாதத்துக்குத் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி வருகிறது என்று எழுந்து ஓடும்போது விழுந்தால், இடுப்பு எலும்பு முறிந்து புற்றுநோய் சிகிச்சையே தள்ளிப்போகும்.

கொல்லைக் கடைசியில் கழிவறை இருக்கும் பழைய வீடு என்றால், படுக்கும் அறைக்குப் பக்கத்தில், தார்சாவின் ஒரு மூலையை மறித்தாவது ஒன்று கட்டுங்கள். குந்தி உட்காரும் கோப்பையை மாற்றி வெஸ்டர்ன் வையுங்கள். உட்காரும் உயரம் 17 முதல் 19 அங்குலம் இருந்தால் முழங்கால் வலிக்காமல் எழலாம். கைப்பிடிக் கம்பியைத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், செங்கல் சுவருக்குள் போல்ட் இறக்கிப் பொருத்தச் சொல்லுங்கள். ரப்பர் உறிஞ்சியால் சுவரில் ஒட்டும் கம்பிகள் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஒரு பெரிய ஆளின் பாரத்தை அவை தாங்காது, வாங்காதீர்கள். டைல்ஸ் பளபளப்பு இல்லாத சொரசொரப்பு ரகமாக இருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருப்பது நல்லது.

வாசற்படிக்குச் சாய்தளம் போடுவதானால் ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்பது கணக்கு. அரையடிப் படிக்கு ஆறடிச் சாய்தளம். இடமில்லை என்று செங்குத்தாகப் போட்டுவிட்டால் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவரும் சேர்ந்து விழுவார்.

4. தூசு விஷயத்தில் கறாராக இருங்கள். பழைய சுவரை இடிக்கும்போதும், ஓட்டைப் பிரிக்கும்போதும், ஈரம் பூத்த காரையைச் சுரண்டும்போதும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை விதைகள் காற்றில் கிளம்பும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அப்படிப்பட்டது. நல்ல உடம்புக்கு அது ஒன்றும் செய்யாது. வெள்ளையணு குறைந்தவரின் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் உயிருக்கே ஆபத்து. பெரிய ஆஸ்பத்திரிகளில் கட்டட வேலை நடந்த காலங்களில் ரத்தப் புற்று நோயாளிகளுக்கு இந்தத் தொற்று பரவியது உலகெங்கும் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் அங்கே வேலை நடக்கும் பகுதியைப் பாலிதீன் போட்டு அடைக்கிறார்கள். நம் வீட்டிலும் அதையே செய்ய வேண்டியதுதான்.

இடிக்கிற அன்று நோயாளி அக்கா வீட்டிலோ சித்தி வீட்டிலோ இருக்கட்டும். அன்று ராத்திரியே கூட்டி வந்துவிடாதீர்கள், தூசு படிய நேரம் கொடுங்கள். வேறு இடமே இல்லை என்றால் அவர் இருக்கும் அறையின் கதவிடுக்கில் ஈரத்துணி திணித்து, கதவுக்கு வெளியே கனமான பாலிதீன் தாளைப் படுதாவாகத் தொங்கவிடுங்கள். இடிபடும் சுவரில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் பாதித் தூசு எழாது. டைல்ஸ், கிரானைட் வெட்டும் மெஷினை வீட்டுக்குள் ஓட்டவே கூடாது. தெருவில் வைத்து, தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். அந்தக் கல்தூசு அவர்கள் நுரையீரலுக்கும் கேடுதான்.

துடைப்பம் கொண்டு காய்ந்த தூசைப் பெருக்காதீர்கள். ஈரத்துணி, மாப்பு மட்டும்.

5. ஆனி, ஆடியில் நம் ஊரில் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மேற்கே மலையிலிருந்து இறங்கி வரும் அந்தக் காற்றில் எம்-சாண்ட் குவியல் ஒன்று வீட்டுக்கு மேற்குப் பக்கம் கிடந்தால், நாள் முழுக்க வீட்டுக்குள்தான் கொட்டும். மணலை வீட்டுக்குக் கிழக்கே இறக்கச் சொல்லுங்கள். மேலே தார்ப்பாய் போட்டு ஓரங்களில் செங்கல் வையுங்கள்.

லாரிக்காரர் இறக்கிய ஜல்லி தெருவை அடைத்துக்கொண்டு கிடக்கக் கூடாது. அர்த்த ராத்திரியில் 108 வண்டி வாசல்வரை வரும் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். சாயங்காலம் ஆட்கள் கிளம்பும் முன்பு இதை ஒரு முறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

6. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுத்தியலால் உடைத்து இறக்காதீர்கள். அதன் நார் தூசே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். மிச்சத் துண்டுகளைக் கோழிக்கூண்டுக்கோ மாட்டுத் தொழுவத்துக்கோ வெட்டிப் பயன்படுத்த வேண்டாம்.

பழைய கதவு, ஜன்னல்களில் உரியும் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

வாசனை குமட்டலைக் கிளப்பும் என்பதால் நோயாளி அறைக்குத் தண்ணீரில் கரையும் எமல்ஷன் போதும். டர்பன்டைன் கலக்கும் பெயிண்ட், மர வார்னிஷ், கரையான் மருந்து மூன்றும் அவர் வெளியூரில் இருக்கும்போது மட்டும்.

7. தளம் போட்டபின் மட்டப்பாவில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம். கோடை வெயிலில் குறைந்தது 10 நாளாவது ஈரம் காயாமல் பார்க்க வேண்டும், அதில் சமரசம் கூடாது. ஆனால் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்கச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். கீமோவால் ஏற்கெனவே தட்டணு குறைந்தவருக்கு டெங்குவும் வந்தால் ரத்தக்கசிவைத் தடுப்பது பெரும் பாடாகிவிடும். ஐந்து நாளுக்கு ஒருமுறை பாத்தித் தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். பாத்திக்குப் பதிலாகச் சாக்கு விரித்து நனைத்துக்கொண்டே இருந்தால் இந்தக் கவலையே இல்லை. டிரம்முக்கு மூடி, தொட்டிக்கு வலை. நோயாளி பகலில் தூங்கும்போதும் கொசுவலை வேண்டும், ஏனென்றால் இந்தக் கொசு பகலில்தான் கடிக்கும்.

8. வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கட்டும். கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாராசிட்டமால் போட்டு அமுக்கவும் கூடாது. உடனே சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். "கீமோ ஏற்றி இத்தனையாவது நாள்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வழியில் நேரம் ஆகும் என்று அவர்கள் சொன்னால் முதலில் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கீமோ சீட்டின் ஜெராக்ஸ் ஒன்று எப்போதும் பைக்குள் இருக்க வேண்டும். அன்று தளம் போடும் நாளாக இருந்தாலும் வீட்டின் பொறுப்பான ஆள் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் முறை. தளத்தை மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ பார்த்துக்கொள்வார்கள்.

9. இனி நான் முக்கியம் என்று நினைப்பது. வீடு யாருடையதோ, அவரே சிகிச்சையின்போதும் வீட்டுக்காரராக இருக்க வேண்டும். நோய் வந்த மறுநாளே பிள்ளைகள் எல்லா முடிவையும் கையில் எடுத்துக்கொள்கிறோம். "நீங்க பேசாம படுங்க, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் நாற்பது வருடம் இந்த வீட்டை ஆண்டவருக்கு அந்த வார்த்தை, "உன் வேலை முடிந்தது" என்று காதில் விழுகிறது.

எங்கள் அம்மா முடி கொட்டிய தலையில் பருத்தித் துண்டு கட்டிக்கொண்டு, தேறிய வாரங்களில் தார்சாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவாள். அடுக்களை மேடை கட்டும்போது கொத்தனார் ரசமட்டத்தை வைத்துவிட்டு, "யக்கா, குமிழி நடுவுல நிக்குதா பாருங்க" என்று அவளைக் கூப்பிட்டார். அவருக்கு அது தெரியாதா? அம்மா எழுந்து போய்க் குனிந்து பார்த்து, "ஒரு நூல் தெக்க சாயுதுல்லா, தண்ணி தொட்டிப் பக்கம் வடிய வேண்டாமா" என்றாள். மேடை அவள் சொன்னபடி அமைந்தது. அன்று மத்தியானம் அவளாகக் கேட்டு ஒரு கரண்டி ரசஞ்சோறு கூடச் சாப்பிட்டாள்.

பெயிண்ட் நிறம், சாமி அறை எந்த மூலை, ஸ்விட்ச் எந்த உயரம் என்று ஒவ்வொன்றையும் நோயாளியிடம் கேளுங்கள். வெளியூரில் சிகிச்சையில் இருந்தால் வீடியோ காலில் காட்டிக் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கேள்விக்கு மேல் வேண்டாம், அசதியில் பத்து முடிவு எடுக்கச் சொல்வதும் கொடுமைதான்.

10. சிலர் சும்மா இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஏற்ற வேலையைக் கொடுங்கள். செங்கல் லோடு எண்ணிக் குறிப்பது, ஆட்களின் கூலிக் கணக்கு எழுதுவது, ஆணியும் ஸ்க்ரூவும் அளவு வாரியாகப் பிரித்து டப்பாவில் போடுவது எல்லாம் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

அரிவாள், உளி, ரம்பம் தொட வேண்டாம். தட்டணு குறைந்தவருக்குச் சின்னக் கீறலும் நிற்காமல் கசியும். மார்பகப் புற்றுக்கு அறுவை செய்து அக்குள் நெறிகளை எடுத்தவர்கள் அந்தப் பக்கக் கையால் குடம், கலவைச் சட்டி தூக்கக் கூடாது. அந்தக் கையில் ஊசி போடவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். மண்ணைக் கிளறுவதும் எருவைத் தொடுவதும் சிகிச்சை முடியும்வரை வேண்டாம்.

11. வேலையாட்களுக்கு வீட்டில் சமைப்பது நம் ஊர் மரியாதை. ஆனால் இருபது பேருக்குக் குழம்பு தாளிக்கும் வாசனையில் நோயாளி ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டார். இந்தச் சில மாதம் சாப்பாட்டுக்குப் பணமாகக் கொடுத்துவிடுங்கள், டீயைக் கடையில் சொல்லிவிடுங்கள். காரணத்தைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சளி, இருமல் உள்ள ஆள் அன்று வர வேண்டாம் என்பதையும், நோயாளியின் செம்பு, டம்ளர் தனி என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

அவருக்குக் குடிக்கக் கொதித்தாறிய தண்ணீர்தான். வாய்ப்புண் வந்தால் ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடாவும் கலந்து, ஒரு நாளில் நாலைந்து முறை கொப்பளிக்கச் சொல்லுங்கள். மறுநாள் புதிதாகக் கலக்கவும்.

12. கீமோ ஏற்றிய முதல் 48 மணி நேரம் மருந்தின் மிச்சம் சிறுநீர், மலம், வாந்தி வழியாக வெளியேறும். கழிவறைக் கோப்பையின் மூடியை மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் திறந்துவிடுங்கள். சுத்தம் செய்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும், கர்ப்பிணிகள் அந்த வேலையைத் தொட வேண்டாம். நனைந்த துணியைத் தனியே துவையுங்கள். கழிவறை வேலை பாதியில் நிற்கும் நாளும் இந்த இரண்டு நாளும் ஒன்றாக வந்துவிடாமல் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

13. பணத்தை இரண்டு கணக்காகப் பிரியுங்கள். சிகிச்சைப் பணம் ஒரு வங்கிக் கணக்கில், வீட்டுப் பணம் இன்னொன்றில். இரண்டு மூன்று மாத மருந்துச் செலவும் பயணச் செலவும் முதல் கணக்கில் எப்போதும் இருக்கும்படி வைத்துக்கொண்டு, மிச்சத்தில்தான் சிமென்டும் கம்பியும். கொத்தனாரோடு மொத்தக் காண்ட்ராக்ட் பேசாமல், மட்டம் மட்டமாகக் கூலி பேசுங்கள். லிண்டல்வரை இவ்வளவு, பூச்சுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் எந்த மட்டத்திலும் மனஸ்தாபம் இல்லாமல் நிறுத்தி, மறுபடி தொடங்கலாம். "வீட்டில் சிகிச்சை நடக்கிறது, திடீரென்று ஒரு வாரம் நிறுத்தச் சொல்வோம்" என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நியாயம். அவருக்கும் அன்றாடக் கூலியை நம்பி இருக்கும் ஆட்கள் உண்டு.

நோயாளி பெயரில் பட்டாவும் வங்கிக் கணக்கும் இருந்தால், அவர் தெம்பாக இருக்கும் வாரத்தில் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றி, வாரிசு நியமனத்தையும் சரிபார்த்துவிடுங்கள். பேசவே கூச்சமான விஷயம்தான். ஆனாலும் ஐசியூ வாசலில் நின்று கையெழுத்துக்குத் தவிப்பதைவிட இது மேல்.

14. உரிமையாகக் கிடைப்பதை விடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை கிடைக்கும். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் வேண்டும். அட்டை இல்லாதவர்கள் தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993.

சென்னை அடையாறில், முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்குப் போகிறவர்கள் சங்கரன்கோவிலிலேயே பொதிகை ரயிலைப் பிடிக்கலாம். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. உடன் போகும் ஒருவருக்கு இதே வகுப்புகளில் 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்க வேண்டும்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்டுபவர்களுக்கு 3.5 லட்சம் ரூபாய் கட்டட நிலைக்கு ஏற்பத் தவணை தவணையாக வருகிறது. வேலை நடுவில் நின்றால் அடுத்த தவணையும் நிற்கும். சிகிச்சையால் தாமதமாகிறது என்பதை ஒன்றிய அலுவலகத்தில் மருத்துவச் சான்றோடு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பீடி சுற்றும் குடும்பம் என்றால் மத்திய அரசின் தொழிலாளர் நல நிதியிலிருந்து புற்றுநோய் சிகிச்சைச் செலவுக்கு உதவி உண்டு, அடையாள அட்டையோடு விசாரியுங்கள். சிகிச்சை முடியும்வரை இலையும் தூளும் நோயாளி படுக்கும் அறையில் இருக்க வேண்டாம். சொளகைத் திண்ணைக்கு மாற்றிவிடுங்கள்.

15. அஷ்டமி, நவமி பார்த்துக் கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட வேண்டியது நிலை வைப்பதும் பால் காய்ச்சுவதும்தான், அதற்கு அடுத்த முகூர்த்தம் வரும். பால் காய்ச்சும் அன்று கணபதி ஹோமப் புகையில் நோயாளியை உட்கார வைக்காமல், எல்லாம் முடிந்தபின் அவர் கையால் விளக்கேற்றச் சொல்லுங்கள்.

கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதர் கோயில் ஆவணித் தபசுக்கும் சங்கரன்கோவில் ஆடித் தபசுக்கும் அணு குறைந்த வாரத்தில் கூட்டத்துக்குள் போக வேண்டாம், கூட்டம் கலைந்த மற்றொரு நாளில் நிதானமாகத் தரிசனம் செய்யலாம். சங்கரன்கோவில் புற்றுமண்ணை நாம் மருந்தாகவே மதிக்கிறோம். சிகிச்சை முடியும்வரை அதை நெற்றியில் இட்டுக்கொள்வதோடு நிறுத்துங்கள். மண் எதுவானாலும் அதில் கிருமி இருக்கும். வாயில் போடுவதும் புண்ணிலோ கரண்ட் வைத்த தோலிலோ தடவுவதும் இப்போது கூடாது.

16. ஐப்பசி மழைக்கு முன்பு ஒழுகலை அடைத்துவிடுங்கள். ஈரச் சுவரில் படரும் கரும்பூஞ்சை, நான்காம் குறிப்பில் சொன்ன அதே ஆபத்துதான்.

17. பார்த்துக்கொள்கிற ஆளையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் மகளோ மருமகளோதான் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து, கலவைக்கும் தண்ணீர் ஊற்றி, பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்புகிறாள். இரண்டு பொறுப்பையும் ஒரே தலையில் ஏற்றாதீர்கள். சிகிச்சை ஒருவர், கட்டடம் இன்னொருவர் என்று பிரித்துவிடுங்கள். வெளியூரில் இருக்கும் மகன் பணம் அனுப்புவதோடு நிற்காமல், ஒரு கீமோ சுற்றுக்காவது லீவு போட்டு வந்து முழுதாகப் பார்க்கட்டும். உறவுக்காரர்கள் "என்ன செய்யணும்?" என்று கேட்டால் கூச்சப்படாமல் ஒரு வேலையைச் சொல்லுங்கள். சாயங்காலம் தளத்துக்குத் தண்ணீர் விடுவது போல, நாள் தவறாமல் நடக்க வேண்டிய வேலையாக இருந்தால் இன்னும் நல்லது.

18. சில சமயம் சிகிச்சை எதிர்பார்த்தபடி அமையாது. குணப்படுத்த முடியாது, வலியில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லும் நாள் வந்தால், வேலைப் பட்டியலை எடுத்து நோயாளியிடமே காட்டி, "இதுல எது முடிஞ்சு பாக்கணும்னு ஆசை?" என்று கேளுங்கள். அவர் சொல்வது மாடி அறையாக இருக்காது. கொல்லைக் கிணற்றுக்கு மூடி என்பார், மகளுக்கு ஒரு பீரோ என்பார், வாசலில் ஒரு திண்ணை என்பார். அதை மட்டும் சீக்கிரம் முடியுங்கள். மற்ற வேலைகளை நிறுத்தி, சத்தத்தைக் குறையுங்கள். கட்டிலைப் பட்டாசலில், தெருவும் ஆட்களும் தெரியும் ஜன்னலோரம் போடுங்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். மார்ஃபின் மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் புற்றுநோய் வலியைப் பெருமளவு அடக்கலாம். "பழகிப்போகும்" என்று பயந்து பாதி மாத்திரை கொடுப்பதால் அவர் வீணாகத் துடிப்பதுதான் மிச்சம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். உங்கள் பகுதி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்து வையுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.